புல்லா, நெருப்பா, கொம்பா? கொரியச் சொற்களில் நாம் தடுமாறும் இடங்கள்

கொரிய மொழியில் புல்லுக்குப் பெயர் ‘ப்ஹுல்’. இதைக் கேட்டதும் நம்மவர்களுக்கு ஒரே சந்தோஷம். நம்ம சொல்லேதான், மனப்பாடம்கூடத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் தமிழில் ‘புல்’ என்று சொல்லும்போது உதட்டிலிருந்து காற்று பீறிட்டு வருவதில்லை. கொரியருக்கு அந்தக் காற்று இருந்தால்தான் அது புல். காற்றே இல்லாமல் உதட்டை இறுக்கிச் சொன்னால் ‘ப்புல்’, அதாவது விலங்கின் கொம்பு. இறுக்காமல் தளர்வாகச் சொன்னால் ‘புல்’, அதாவது நெருப்பு. மாடு புல் மேய்கிறது என்று நாம் சொன்னது, மாடு கொம்பைத் தின்கிறது என்று அவர்கள் காதில் விழ வாய்ப்பு அதிகம்.

கொரியம் படிக்கும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர். தொடர்கள் பார்த்து ஆர்வம் வந்தவர்கள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், மேற்படிப்புக்கு சியோல் போக நினைப்பவர்கள். இலக்கணத்தை இவர்கள் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். வினை கடைசியில் வருவதும், பெயர்ச்சொல்லின் பின்னால் உருபு ஒட்டுவதும் நமக்குப் பழகியவைதானே. சறுக்குவது சொற்களில், அதிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களில். இதற்கு நினைவாற்றலைக் குறை சொல்வதில் பயன் இல்லை என்பது என் கருத்து. சொல்லை முதன்முதலில் எந்த வடிவத்தில் மனதில் ஏற்றிக்கொள்கிறோம் என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். கொரியத்தில் க, த, ப, ச வரிசை ஒலிகள் ஒவ்வொன்றும் மூன்று வகை: தளர்வானது, இறுக்கமானது, காற்றோடு வருவது. தமிழில் அந்த மூன்றுக்கும் ஒரே எழுத்துதான். நோட்டில் ‘தால்’ என்று எழுதி வைத்தால் அது நிலவா, மகளா, முகமூடியா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. தால் என்றால் நிலவு, த்தால் என்றால் மகள், த்ஹால் என்றால் முகமூடி. இந்தக் கட்டுரையில் இறுக்கமான ஒலிக்கு எழுத்தை இரட்டித்தும், காற்றொலிக்கு ‘ஹ’ சேர்த்தும் காட்டுகிறேன். இது விளக்குவதற்காக மட்டுமே, இப்படி எழுதிப் படிக்காதீர்கள்.

அவர்களுடைய எழுத்தான ஹாங்குலைக் கற்க அதிக நாள் பிடிக்காது. அரசர் செஜோங் 1443-ல் உருவாக்கி 1446-ல் வெளியிட்ட எழுத்து அது. அதன் அமைப்பே இந்தச் சிக்கலுக்கு மருந்தாக இருக்கிறது. தளர்வான ‘க’வுக்கு ஒரு கோடு கூட்டினால் காற்று வரும் ‘க’. அதே தளர்வான எழுத்தை இரண்டு முறை அடுத்தடுத்து எழுதினால் இறுக்கமான ‘க’. எது எதற்குச் சொந்தம், எங்கே வேறுபாடு என்பது கண்ணுக்கே தெரிகிறது. இவ்வளவு வசதியான எழுத்தை விட்டுவிட்டு, அந்த வேறுபாட்டையே காட்டாத எழுத்தில் குறிப்பெடுப்பது வீண் சிரமம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கு நல்ல வசதி உண்டு. ‘பாபநாசம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’ வேறு, இரண்டாவது ‘ப’ வேறு ஒலி. சொல்லின் தொடக்கத்தில் வல்லோசை, இரண்டு உயிர்களுக்கு நடுவே மெல்லோசை. யாரும் சொல்லித்தராமலே நாக்கு மாற்றிக்கொள்கிறது. கொரியத்தின் தளர்வான ஒலிகளும் அப்படியேதான் நடந்துகொள்கின்றன. கணவன் மனைவியைக் குறிக்கும் ‘புபு’ என்ற சொல்லில் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. வேறு மொழிக்காரர்கள் விதியாகப் படிக்க வேண்டியதை நாம் பழக்கத்திலேயே செய்துவிடுகிறோம். ஆகவே உழைப்பை மற்ற இரண்டு வகைகளில் செலுத்தினால் போதும்.

காற்றொலிக்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு ப்ஹுல், ப்ஹால் (கை) என்று சொல்லுங்கள். தாள் துள்ள வேண்டும். ப்புல், ப்பாங் என்று சொல்லும்போது அசையக் கூடாது. இன்னொரு தடயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை: குரலின் உயரம். இன்றைய சியோல் பேச்சில், முக்கியமாக இளைஞர்களிடம், தளர்வான ஒலியில் தொடங்கும் சொல் தாழ்ந்த குரலில் ஆரம்பிக்கிறது, காற்றொலியும் இறுக்க ஒலியும் உயர்ந்த குரலில் ஆரம்பிக்கின்றன. நெருப்பு கீழே, புல்லும் கொம்பும் மேலே. காற்றை மட்டும் தேடிக்கொண்டிருக்கும் காதுக்குச் சில சமயம் நெருப்பும் புல்லும் ஒன்றாகவே படும். குரல் உயரத்தைப் பிடித்துவிட்டால் சட்டென்று பிரிந்துவிடும்.

அன்றாடம் மாட்டிவிடும் ஜோடிகள் சிலவற்றைச் சொல்கிறேன். பாங் என்றால் அறை, ப்பாங் என்றால் ரொட்டி. ஸாதா என்றால் வாங்கு, ஸ்ஸாதா என்றால் மலிவு. ஸால் என்றால் சதை, ஸ்ஸால் என்றால் அரிசி. கடைசி ஜோடி வரவில்லையே என்று மனம் தளர வேண்டாம். தென்கிழக்கே க்யோங்ஸாங் வட்டாரத்துப் பழைய பேச்சில் இந்த இரண்டு ஸகரமும் ஒன்றாகிவிடும். அங்கே அரிசியும் ‘ஸால்’தான்.

அப்புறம் அப்பா. கொரியத்திலும் அப்பாவுக்கு ‘ஆப்பா’தான். நம் இரட்டித்த ‘ப்ப’ அந்த இறுக்க ஒலிக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் பக்கத்திலேயே ‘ஆப்ஹா’ இருக்கிறது. அதற்கு ‘வலிக்கிறது’ என்று பொருள். கொரியக் குழந்தை விழுந்து எழுந்து இரண்டையும் சேர்த்துத்தான் அழும். கொரியமும் தமிழும் உறவு மொழிகள் என்று ஹோமர் ஹல்பெர்ட் என்ற அமெரிக்கர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு ஒப்பிலக்கண நூல் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். தமிழ்ச் சொல்லைக் கொண்டு கொரியச் சொல்லை நினைவு வைப்பவர் தமிழ் உச்சரிப்பையும் கூடவே கொண்டுபோய்விடுகிறார் என்பதுதான் இங்கே ஆபத்து.

உயிர் ஒலிகளில் வரும் குழப்பம்

காபிக் கடையில் எல்லோருக்கும் வரும் தடுமாற்றம் இது. கொரியத்தில் காபிக்கும் மூக்கிலிருந்து வடியும் ரத்தத்துக்கும் ஒரே ஒரு உயிர் ஒலிதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் ‘க்ஹோப்ஹி’தான். க்ஹோ என்றால் மூக்கு, ப்ஹி என்றால் ரத்தம். அந்த ‘க்ஹோ’வுக்கு உதடு நன்றாகக் குவிய வேண்டும். காபிக்கு உதடு குவியவே கூடாது, வாயைச் சற்றுத் திறந்து ‘ஒ’ சொல்வதுபோல் சொல்ல வேண்டும். அங்கே என்ற சொல்லும் இறைச்சி என்ற சொல்லும் இதே வித்தியாசத்தில்தான் பிரிகின்றன. இரண்டுக்கும் தமிழில் ‘கொகி’ என்றுதான் எழுத வரும்.

குவியாத ‘உ’ ஒன்றும் உண்டு. பிற மொழிக்காரர்கள் திணறும் ஒலி இது, நமக்கோ கைவந்தது. ‘பாக்கு’, ‘காது’ என்று இயல்பாகச் சொல்லும்போது கடைசியில் உதடு குவிவதில்லையே, அந்தக் குற்றியலுகரம்தான் ஏறக்குறைய கொரியரின் அந்த ‘உ’. அதை வைத்து ‘குல்’ என்றால் எழுத்து, கட்டுரை. உதட்டைக் குவித்துச் சொன்னால் கடல் சிப்பி. குற்றியலுகரம் தெரிந்தும் புத்தகத்தில் ‘உ’ என்று பார்த்ததும் முழு உகரமாகவே சொல்பவர்கள்தான் அதிகம்.

நாய்க்கும் நண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் மட்டும் நேரத்தைச் செலவிடாதீர்கள். எழுத்தில் வேறு, ஆனால் இன்றைய பேச்சில் இரண்டும் ‘கே’தான். கொரியர்களே சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

சொல்லைத் தனியாகப் பிரித்து எடுப்பது

சில சொற்கள் முழுக்க ஒன்றேதான், ஒலியிலும் எழுத்திலும். பே என்பது கப்பல், பேரிக்காய், வயிறு மூன்றும். நூன் என்பது கண், பனி. ஸாக்வா என்பது ஆப்பிள், மன்னிப்பு. ஸ்ஸுதா என்றால் எழுதுவது, பயன்படுத்துவது, தொப்பி அணிவது, கூடவே கசப்பு. அட்டையின் ஒரு பக்கம் ‘பே’, மறுபக்கம் மூன்று பொருள் என்று எழுதி உருப்போடுவதுதான் பலர் செய்வது. அப்படிப் படித்தால், கேட்ட நொடியில் மூன்றும் வரிசையில் வந்து நிற்கும், பேச்சு கடந்து போய்விடும்.

பதிலாக, சொல்லை அதன் துணை வினையோடு சேர்த்தே எடுங்கள். பேருல் த்ஹாதா என்றால் கப்பல் ஏறுவது. பேருல் மொக்த்தா என்றால் பேரிக்காய் தின்பது. பேகா கோப்ஹுதா என்றால் பசிப்பது. நூன் ‘வந்தால்’ பனி, ‘பெரிதாக இருந்தால்’ கண். ஸாக்வாவுடன் ‘செய்’ என்னும் ‘ஹாதா’ சேர்ந்தால் அது மன்னிப்பு மட்டுமே, ஆப்பிளுக்கு அது ஒட்டாது. இப்படித் துணையோடு படித்தால் மரபுத் தொடர்களும் தானாக விளங்கும். பங்காளி நிலம் வாங்கினால் வயிறு வலிக்கும் என்பது கொரியப் பழமொழி. நாம் வயிற்றெரிச்சல் என்கிறோமே, அதேதான்.

குறில் நெடிலை நம்புவதும் ஒரு பொறி. அகராதியில் கண் குறில், பனி நெடில். இரவு குறில், அதே ஒலியுள்ள கஷ்கொட்டை நெடில். 1988-ல் வகுத்த நிலையான உச்சரிப்பு விதிகளிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. படம், பாடம் என்று வளர்ந்த நமக்கு இதைப் பார்த்ததும் தெம்பு வந்துவிடும். ஆனால் சியோல் இளைஞர்களின் பேச்சில் அது பெரும்பாலும் மறைந்துவிட்டது. தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் காது அதைத் தேட வேண்டாம்.

சொல்லின் கடைசி மெய் இதைவிட முக்கியம். சீப்பு, கடன், வெளிச்சம் மூன்றும் எழுத்தில் வெவ்வேறு, தனியாகச் சொன்னால் மூன்றும் ‘பித்’. எழுவாய் உருபான ‘இ’ ஒட்டியதும் ஒளிந்திருந்த மெய் வெளியே வந்துவிடும்: சீப்பு ‘பிஸி’ ஆகும், கடன் ‘பிஜி’ ஆகும், வெளிச்சம் ‘பிச்ஹி’ ஆகும். அதனால் பெயர்ச்சொல்லை மொட்டையாகச் சொல்லிப் பழகாமல் ஓர் உருபைச் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். உட்காருங்கள் என்பது ‘ஆன்ஜா ஜுஸேயோ’, என்னை அணைத்துக்கொள்ளுங்கள் என்பது ‘ஆனா ஜுஸேயோ’. நடுவில் ஒரு மெய் நழுவினால் அலுவலகத்தில் சங்கடம்தான். எழுத்தில் கொரியர்களே வழுக்கும் இடமும் இங்கே உண்டு. சளி பிடித்தவரிடம் சீக்கிரம் குணமாகுங்கள் என்பதற்குப் பதிலாகச் சீக்கிரம் பிரசவியுங்கள் என்று செய்தி அனுப்பிவிடுவார்கள். இரண்டு வினைகளும் அந்த வடிவத்தில் ஒரே மாதிரி ஒலிப்பதால் வரும் வினை.

சீனத்திலிருந்து வந்த சொற்கள்

கொரியச் சொற்களில் பெரும்பங்கு சீன வழி வந்தவை. சீனத்தில் தொனியால் பிரிந்திருந்த அசைகள் கொரியத்துக்கு வந்தபோது தொனியை இழந்து ஒன்றாகிவிட்டன. சீன எழுத்தில் எழுதியவரை கண் பிரித்துக் காட்டியது, ஹாங்குலில் எழுதும்போது அந்த உதவியும் இல்லை. இஸா என்பது நிறுவன இயக்குநர், வீடு மாறுவதும் அதுதான். உய்ஸா என்றால் மருத்துவர், ஆனால் 1909-ல் சீன நகரமான ஹார்பினில் ஜப்பானிய அரசியல் தலைவர் இத்தோ ஹிரோபுமியைச் சுட்ட ஆன் ஜுங்-கூன் பெயரோடு வரும் ‘உய்ஸா’வுக்கு நாட்டுக்காக உயிர் கொடுத்த வீரர் என்று பொருள். கட்டட நடையில் தொங்கும் சிவப்பு உருளையில் ‘ஸோஹ்வாகி’ என்றிருந்தால் தீயணைப்பான், மருத்துவமனைப் பலகையில் அதே சொல் இருந்தால் செரிமான உறுப்புகள்.

எல்லாவற்றையும்விட மோசமானது ‘பாங்ஹ்வா’. தீ வைப்பதும் அதுதான், தீயைத் தடுப்பதும் அதுதான். செய்தியில் ‘பாங்ஹ்வாபோம்’ என்றால் தீ வைத்த குற்றவாளி, மாடிப்படி அருகே ‘பாங்ஹ்வாமுன்’ என்றால் தீத்தடுப்புக் கதவு. இங்கே மனப்பாடம் உதவாது. அசையை உடைத்து அதன் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். ஹ்வா என்றால் தீ, இரண்டிலும் ஒன்றே. பாங் மட்டும் இரண்டு. ஒன்று தடுப்பது: நீர் புகாத கைக்கடிகாரத்தில் எழுதியிருக்கும் ‘பாங்ஸு’வில் இருப்பது இதுதான், தீயணைப்பு நிலையமான ‘ஸோபாங்ஸோ’விலும் இதுதான். மற்றொன்று விடுவது: ஒலிபரப்பு ‘பாங்ஸோங்’, பள்ளி விடுமுறை ‘பாங்ஹாக்’, விடுதலை ‘ஹேபாங்’ எல்லாம் இந்தப் பக்கம். கொரிய அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்திலேயே சீன எழுத்து இருக்கும். அதை எழுதப் படிக்க வேண்டியதில்லை, எந்தெந்தச் சொற்களில் அதே வடிவம் வருகிறது என்று பார்த்தால் போதும். நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஓர் அசை என்று ஒதுக்கி, குடும்பம் குடும்பமாகப் பிரித்து எழுதி வாருங்கள்.