பேஸ்மேக்கர் இருப்பவருக்கு நெஞ்சு இறுகினால்: எப்போது ஆம்புலன்ஸ், எப்போது கிளினிக்

பேஸ்மேக்கர் பார்த்துக்கொள்வது இதயத் துடிப்பை மட்டும்தான். துடிப்பு குறித்த அளவுக்குக் கீழே போனால் மின்தூண்டல் கொடுத்து ஏற்றிவிடும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால் அந்தக் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது. "மிஷின் வைத்தாயிற்று, இனி மாரடைப்பு வராது" என்று நம்பி வீட்டில் படுத்துக் கிடப்பவர்களைப் பற்றித்தான் எங்களுக்குப் பெரிய கவலை.

நெஞ்சில் பாரம் வைத்தது போலவோ, பிடித்து இறுக்குவது போலவோ தோன்றி 5 நிமிடத்தில் விடவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வலி கை, தோள், தாடை, முதுகு என்று பரவினாலோ, கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், கண் இருட்டல், மயக்கம் இருந்தாலோ அந்த 5 நிமிடமும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுவாங்கலும் வியர்வையும் அசதியும் மட்டும் வரலாம். அதுவும் அவசரம்தான்.

வெளிநாட்டுக்குக் குடிவந்திருந்தால் அந்த நாட்டின் ஆம்புலன்ஸ் எண்ணை இன்றே போனில் பதிந்து வையுங்கள். கனடா, அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, சுவிட்சர்லாந்தில் 144, நார்வேயில் 113, சிங்கப்பூரில் 995. மொழி தடுமாறினால் "தமிழ்" என்று சொல்லுங்கள். பல நாடுகளில் போனிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். அம்மா "வாயு பிடிச்சிருக்கு, நெஞ்சை அடைக்குது" என்பார். மகனோ மகளோ அதை "கேஸ் ட்ரபிள்" என்று மாற்றிச் சொன்னால், கேட்பவருக்கு அது அஜீரணமாகத்தான் படும். 'அடைக்குது' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. "செஸ்ட் டைட்னஸ், பேஸ்மேக்கர்" என்ற மூன்று சொல்லை முதலில் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பது அடுத்தது. மற்றதெல்லாம் பிறகு.

ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள், காரோட்ட விடவே கூடாது. ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று போனில் இருப்பவரிடமே கேளுங்கள். ஒவ்வாமையோ, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ இருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். கொடுக்கச் சொன்னால் மென்று விழுங்க வேண்டும், அப்போதுதான் சீக்கிரம் வேலை செய்யும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை, அவருக்கென்று டாக்டர் எழுதித் தந்திருந்தால் மட்டும் கொடுங்கள். நினைவு தப்பி மூச்சும் நின்றுவிட்டால் பேஸ்மேக்கர் இருக்கிறதே என்று தயங்காமல் நெஞ்சை அழுத்துங்கள். பொது இடங்களில் இருக்கும், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரையும் பயன்படுத்தலாம். அதன் ஒட்டுப்பட்டை மட்டும் கருவி புடைத்திருக்கும் இடத்தின் மேல் படக்கூடாது, சில அங்குலம் தள்ளி ஒட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிக்கல் வரும். பேஸ்மேக்கர் இதயத்தின் கீழ் அறையைத் தூண்டும்போது ஈசிஜி கோடே உருமாறிவிடுவதால், மாரடைப்பின் அடையாளங்களை அதில் பிரித்தறிவது கடினம். அதனால் இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் திரும்ப எடுப்பார்கள். "ஒரு ஈசிஜி எடுத்துவிட்டு அனுப்ப மாட்டேன் என்கிறார்களே" என்று கிளம்பிவிடாதீர்கள். நலமாக இருந்தபோது எடுத்த பழைய ஈசிஜி ஒன்று கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய உதவி. போனில் ஒரு படம் எடுத்து வைத்தாலே போதும்.

கருவியும் இறுக்கத்துக்குக் காரணமாகலாம். பொருத்திய முதல் சில வாரங்களில் லீட் எனப்படும் கம்பி இடம் நகரலாம்; அரிதாக அதன் நுனி இதயச் சுவரைக் குத்தலாம்; நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரலாம். மூச்சை இழுத்தால் குத்தும் வலி, படுத்தால் கூடி முன்னால் சாய்ந்தால் குறையும் வலி, விடாத விக்கல், மேல்வயிறு தாளம் போட்டாற்போல் துடிப்பது ஆகியவற்றுக்கு அன்றே பார்க்க வேண்டும். இவற்றோடு மூச்சுத்திணறலோ மயக்கமோ சேர்ந்தால் ஆம்புலன்ஸ்தான்.

தையல் போட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்கினாலும், நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், அந்தப் பக்கக் கை வீங்கினாலும் அன்றே கிளினிக்குக்குப் பேசுங்கள். பெட்டியில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை நீங்களாகப் போடாதீர்கள். கம்பி வழியே தொற்று ரத்தத்துக்குள் போயிருந்தாலும் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போய்விடும்.

மாடிப்படி ஏறும்போது மட்டும் நெஞ்சு படபடத்து இறுகி, நின்றதும் விட்டுவிடுகிறதா? கருவியின் அசைவு உணரி தேவைக்கு மேல் துடிப்பை ஏற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் கத்தியின்றி, அமைப்பை மாற்றியே சரிசெய்யலாம். ஆனால் ரத்தக்குழாய்ச் சுருக்கமும் இப்படியேதான் காட்டும், ஆகவே புதிதாகத் தொடங்கியிருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். கழுத்து நரம்பு துடிப்பது, தலைசுற்றல், திடீர் அசதி இருந்தால் மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். கருவியில் அமைத்திருக்கும் குறைந்தபட்ச அளவைவிடக் குறைவாக வந்தால் கிளினிக்கை அழையுங்கள். இடையில் வரும் கூடுதல் துடிப்புகளாலும் எண்ணிக்கை குறைந்து தெரியலாம். எது என்பதைக் கருவியைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

கருவி பொருத்தியபோது தந்த அட்டையைப் பணப்பையிலேயே வைத்திருங்கள். நிறுவனம், மாடல், வரிசை எண், லீட்களின் மாடல், பொருத்திய தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். மெட்ரானிக் நிறுவனத்தின் கருவியை அபாட் நிறுவனத்தின் சோதனைக் கணினியால் படிக்க முடியாது, அவரவர் கருவிக்கு அவரவர் கணினி. வந்து இறங்கிய முதல் வாரங்களிலேயே குடும்ப மருத்துவர் வழியாக பேஸ்மேக்கர் கிளினிக்கில் பதிவு செய்து, கடைசிச் சோதனை அறிக்கையின் நகலைக் கொடுத்துவிடுங்கள்.

படுக்கையருகே வைக்கும் கண்காணிப்புப் பெட்டியை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தால், அது அங்குள்ள கிளினிக்கோடுதான் இணைந்திருக்கும். இங்கே மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாற்றிய பிறகும் அந்தப் பெட்டி உங்களுக்காக ஆம்புலன்ஸை அழைக்காது. அது அனுப்பும் தகவலை அலுவலக நேரத்தில்தான் யாராவது பார்ப்பார்கள். இரவு 2 மணிக்கு நெஞ்சு இறுகினால் போனை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.