உடம்பில் இருக்கும் கோலத்தைப் பார்த்துப் பெயர் சொல்லலாமா?

ஒரு புயல் ஓய்ந்த மறுநாள் காலை, பெசன்ட் நகர் கடற்கரையில் ஊரூர் குப்பம் பக்கம் ஒரு பறவை மணலில் உட்கார்ந்திருந்தது. கரும்பழுப்பு உடம்பு. முதுகு முழுக்க, சிறகுகளின் நுனியில் வெள்ளைப் பொட்டு. தள்ளி நின்று பார்த்தால் கருங்கல்லில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி இருந்தது. சுற்றி நின்ற கூட்டத்தில் ஒரு தம்பி போனில் படம் எடுத்து ஏதோ ஒரு செயலியில் போட்டார். வந்த பெயர் 'மார்பிள்டு மர்லெட்'. "ரொம்ப அரிய கடற்பறவையாம் சார், முங்கி முங்கி மீன் பிடிக்குமாம். தண்ணியில விட்டா போயிடும்" என்றார். இன்னொருவர் பறவையைத் தூக்கக் குனிந்துவிட்டார்.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "தண்ணியில போடாதப்பா. இது ஆலா. இந்த வருசத்துக் குஞ்சு, காத்துல அடிச்சிக்கிட்டு வந்திருக்கு."

அவர் சொன்னதுதான் சரி. அது சூட்டி டெர்ன் என்ற ஆலாவின் இளம்பறவை. வளர்ந்தபின் முதுகு கறுப்பாகவும் வயிறு வெள்ளையாகவும் மாறிவிடும், இந்தப் பொட்டெல்லாம் இருக்காது. நடுக்கடலில் வாழ்கிற பறவைதான், ஆனால் அதன் சிறகில் தண்ணீர் ஒட்டாமல் இருக்கத் தேவையான எண்ணெய்ப்பசை போதாது. அதனால் கடலில் உட்காருவதே அபூர்வம். மீனைக்கூடப் பறந்தபடியே நீர்ப்பரப்பிலிருந்து கொத்தி எடுக்கும். களைத்துக் கிடக்கும் ஆலாவைத் 'தண்ணீர்ப் பறவைதானே' என்று அலையில் விட்டால் நனைந்து மூழ்கிவிடும். அன்றைக்குப் பெயர் தப்பானதில் ஒரு உயிரே போயிருக்கும்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உடம்பின் கோலத்தை வைத்துப் பெயர் சொல்வது நம் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் 'மார்பிள்டு' என்பது ஒரு குடும்பப் பெயர் இல்லை. நாம் மாட்டைச் செவலை, மயிலை, மறை என்று சொல்வது போல மேல்தோலுக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். பூனையில் ஒன்று, தவளையில் ஒன்று, திருக்கையில் ஒன்று, நன்னீர்ச் சிங்கி இறாலில் ஒன்று என்று அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட பிராணிகள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. தமிழில் இதை 'பளிங்கு' என்று எழுதுவதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. பளிங்கு என்றதும் நம் மனதில் வருவது தெளிவும் வெண்மையும். இங்கே சொல்ல வந்ததோ கல்லுக்குள் ஓடும் கலங்கலான வரி. 'வரிக்கலப்பு' என்று எழுதினால் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சரி, அந்த மர்லெட் எப்படி இருக்கும்? சுமார் 25 செ.மீ. நீளம், குண்டு உடம்பு, குட்டை இறக்கை. அந்த இறக்கையையே துடுப்பாக்கி நீருக்கடியில் மீனைத் துரத்தும். அலாஸ்காவிலிருந்து கலிபோர்னியா வரையுள்ள வட பசிபிக் கரைதான் அதன் ஊர். வங்காள விரிகுடாவில் தேடுவதில் பயனில்லை. இன்னொன்று, பழுப்பு வரிக்கலப்பு இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான். குளிர்காலத்தில் அதே பறவை மேலே கருமையும் கீழே வெள்ளையுமாக மாறி நிற்கும். வருடம் முழுக்க ஒரே சட்டை போட்டிருக்கும் என்று எதிர்பார்த்தால் அதன் சொந்த ஊரிலேயே ஏமாந்து போவோம்.

கடற்பறவை என்றால் கடலோரத்தில்தான் கூடு வைக்கும் என்று நினைப்பதும் தவறு. அந்தத் தவறைச் செய்தவர்கள் வல்லுநர்கள். 1789-இலேயே அறிவியல் பெயர் சூட்டப்பட்ட இந்தப் பறவையின் மரக்கூட்டை அவர்கள் முதன்முதலில் பார்த்தது 1974-இல். கலிபோர்னியாவின் பிக் பேசின் பூங்காவில், மரமேறும் தொழிலாளி ஒருவர் டக்ளஸ் ஃபிர் மரத்தில் ஏறியபோது, தரையிலிருந்து சுமார் 45 மீட்டர் உயரத்தில் ஒரு குஞ்சைக் கண்டார். கூடு என்று சொல்லக்கூட அங்கே குச்சி எதுவும் இல்லை. பருத்த கிளையில் படர்ந்த பாசியில் ஒரு பள்ளம், அவ்வளவே. அதில் ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆணும் பெண்ணும் நாளுக்கு ஒருவராக முறை வைத்து அடைகாக்கும். கடலிலிருந்து 80 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் காடுகளில்கூட இப்படிக் கூடு உண்டு. குஞ்சு வளர்ந்ததும் தனியாகவே கிளம்பி நேராகக் கடலுக்குப் பறக்கிறது. அந்தப் பழுப்பு வரிகள் எதற்கு என்பது அந்தக் கிளையில் பார்த்தால்தான் விளங்கும். பட்டையும் பாசியும் நிழலும் சேர்ந்த இடத்தில், அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவை கண்ணுக்கே தெரியாது.

'அரிய' என்ற சொல்லையும் யோசித்துத்தான் போட வேண்டும். இந்தப் பறவைகளில் பெரும்பகுதி அலாஸ்காவில் இருக்கின்றன. தெற்கே வாஷிங்டன், ஒரிகன், கலிபோர்னியா மாநிலங்களில்தான் நிலைமை மோசம். முதிய மரங்களை வெட்டியதால் அங்கே குறைந்துபோய், 1992-இல் அமெரிக்க அரசு அந்த மாநிலங்களில் இதை அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்தது. மிச்சமிருக்கும் காட்டிலும் ஒரு சிக்கல். சுற்றுலா வருபவர்கள் சிந்தும் தின்பண்டத்துக்காக ஸ்டெல்லர் ஜே என்ற காக்கைக் குடும்பப் பறவைகள் கூடுகின்றன. கூடியவை மேலே போய் மர்லெட் முட்டையையும் தின்றுவிடுகின்றன. அதனால் ஒரு துணுக்குகூடக் கீழே விடாதீர்கள் என்று அங்கே பூங்காக்களில் கேட்டுக்கொள்கிறார்கள். மெரினாவில் சுண்டல் பொட்டலத்தை அப்படியே மணலில் போட்டுவிட்டு எழுந்து வரும்போது எனக்கு இது ஞாபகம் வரும், உடனே திரும்பிப் போய் எடுத்துக்கொள்வேன்.

நம் பக்கத்துப் பிராணிகளிலும் இதே பிழைகள் நடக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் 'மார்பிள்டு கேட்' பார்த்ததாகச் சிலர் சொல்வார்கள். இந்தியாவில் அது வடகிழக்கில்தான் உண்டு. இங்கே பார்த்தது சிறுத்தைப்பூனையாகவோ துருப்புள்ளிப் பூனையாகவோ இருக்கும். முதல் மழைக்கு மண்ணிலிருந்து வெளியே வரும், உப்பிய வரிக்கலப்புத் தவளையைப் பார்த்து விஷம் என்று அடிக்காதீர்கள். கறையானும் எறும்பும் தின்று மண்ணுக்குள் வாழும் பலூன் தவளை அது. கொளத்தூரில் வாங்கிய 'டேங்க் கிளீனர்' மீன் தொட்டியில் அடங்காமல் வளர்ந்தால் ஏரியில் விடாதீர்கள். உடம்பெல்லாம் புழு நெளிந்தது போல வரி ஓடும் அந்தத் தென் அமெரிக்க மீன் நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது.

பாம்பில் மட்டும் இந்த விளையாட்டே வேண்டாம். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கண்ணாடி விரியனைக் கையில் எடுப்பது உயிரைக் கொடுக்கும் தவறு. தோலில் இருக்கும் கோலம் தெரிகிற தூரத்துக்குப் போகாமல் தள்ளி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பறவையைப் பார்க்கும்போது நிறத்தைக் கடைசியில் பாருங்கள். அந்தப் பெரியவர் அப்படித்தான் பார்த்திருக்கிறார். நான் கேட்டபோது பொட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரெக்கை எவ்ளோ நீளம் பாரு, வாலைத் தாண்டி நிக்குது. மூக்கு ஊசியாட்டம் இருக்கு" என்றார். மர்லெட்டுக்கு இறக்கை குட்டை. இந்த ஒன்றைப் பார்த்திருந்தாலே போதும், செயலி சொன்ன பெயர் விழுந்திருக்கும்.

கரையொதுங்கிய பறவைக்கு வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவது, 'பற பற' என்று மேலே வீசுவது, சுற்றி நின்று செல்பி எடுப்பது எல்லாமே அதைக் கொல்லும். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டி, இருட்டு, அமைதி, அப்புறம் வனத்துறைக்கு ஒரு போன். இவ்வளவுதான் நாம் செய்யக்கூடியது. அன்றைக்குப் பெட்டி கிடைக்கவில்லை. பெரியவர் ஒரு மீன் கூடையைக் கவிழ்த்து, தன் தோள் துண்டை அதன் மேல் போட்டார். வனத்துறை ஆள் வரும்வரை அந்தத் தம்பி கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.