முதலீட்டு வகுப்பு எடுப்பவர்களே, அந்த 50 லட்சத்தை அழியுங்கள்

முதலீட்டு விழிப்புணர்வு வகுப்பு எடுக்க இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். நல்ல விஷயம். விஷயம் தெரிந்தவர்கள், கூட்டத்தைக் கட்டிப்போடப் பேசவும் தெரிந்தவர்கள். ஆனால் சமீபத்தில் சில கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டபோது, எங்கள் செட் ஆட்கள் ஒரு காலத்தில் செய்து கையைச் சுட்டுக்கொண்ட அதே காரியங்களை இவர்களும் முதலிலிருந்து ஆரம்பிப்பது தெரிந்தது. மைக்கைச் சோதியுங்கள், நேரத்துக்குப் போங்கள், ஸ்லைடைப் பார்த்துப் படிக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

பலகையில் 50 லட்சம் எழுதுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தீராதது இதுதான். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

கணக்கு உங்களுக்கு மனப்பாடம். எஸ்ஐபி, அதாவது மியூச்சுவல் ஃபண்டில் தவணை முறையில் போடுவது, மாதம் 5,000 ரூபாய், 20 வருடம், வருடத்துக்கு 12 சதவீதம். கட்டியது 12 லட்சம், வருவது ஏறக்குறைய 50 லட்சம். இந்த எண் திரையில் வந்ததும் அரங்கமே நிமிர்ந்து உட்காரும், செல்போனில் படம் எடுக்கும். பேசுகிறவருக்கும் அந்த நிமிஷத்தில் ஒரு போதை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கட்டிங் டேபிளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம். பேசிய தம்பி மார்க்கரை எடுத்து 50,00,000 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். முன்வரிசையிலிருந்து ஓவர்லாக் டைலர் அம்மா ஒருவர் கையைத் தூக்கினார்.

“ஏனுங் சார், இந்த அம்பது லட்சத்தைப் பத்திரத்துல எழுதிக் குடுத்துருவாங்களா?”

“எழுதியெல்லாம் தரமாட்டாங்கம்மா. ஆனா இதுவரைக்கும் அப்படி வந்திருக்கு.”

“பல்லடம் பக்கம் ஒருத்தரு மூணு வட்டி தர்றேங்கறாருங். பாண்டு பேப்பர்லயே எழுதித் தர்றாரு. அப்ப அது தேவலாமுங்களா?”

தம்பி சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அன்றைக்கு நடத்த வேண்டிய பாடமே அந்தக் கேள்விதான். அதை விட்டபிறகு மீதி முக்கால் மணி நேரம் பேசியதெல்லாம் வீண்.

அந்த அம்மா கேட்டதில் தப்பே இல்லை. நம் ஊரில் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதுதான். மூணு வட்டி என்பது வருடத்துக்கு 36 சதவீதம். நீங்கள் பெருமையாகச் சொல்லும் 12 சதவீதம் அவர் காதில் ஒரு வட்டி என்று விழுகிறது. அதுவும் கேரண்டி இல்லாத ஒரு வட்டி. பலகையில் எண்ணை எழுதிய நொடியே நீங்கள் ஏலத்தில் இறங்கிவிட்டீர்கள், அந்த ஏலத்தில் ஏமாற்றுக்காரனை உங்களால் ஜெயிக்க முடியாது. அவன் ஏற்றிக்கொண்டே போவான். ஆருத்ரா கோல்டு வழக்கில் மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி, லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வாங்கியதாகப் போலீஸ் சொன்னது. அதற்குப் பத்து வருடம் முன்னால், 2012-ல், பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு மோசடி. அங்கேயும் எல்லாம் எழுத்தில்தான் இருந்தது.

எழுதித் தர முடியாது என்பதைத்தான் நாம் முதலில், வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். பங்குச் சந்தையில் போட்டால் இவ்வளவு வரும் என்று உறுதி கொடுக்க, சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகள் இடம் தருவதில்லை. யாராவது எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்தைப் பார்த்தே சந்தேகப்பட வேண்டும். இதை மட்டும் அந்த அம்மா வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் போதும். வயதானவர்கள் இருக்கும் கூட்டமென்றால் யூஎஸ்-64 கதையைச் சொல்லுங்கள், அவர்களே மீதியைச் சொல்வார்கள். 1964-ல் தொடங்கிய யூடிஐ (யூனிட் டிரஸ்ட்) மியூச்சுவல் ஃபண்ட் திட்டம், அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்று ஊரே நம்பியது. 2001 ஜூலையில் யூனிட்டுகளை விற்பதையும் திரும்ப வாங்குவதையும் ஆறு மாதத்துக்கு நிறுத்தினார்கள்.

அந்த 50 லட்சத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. ஸ்லைடில் கோடு அலுங்காமல் மேலே ஏறும். சந்தை அப்படி ஏறாது. கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்: நிஃப்டி, அதாவது 50 பெரிய பங்குகளின் குறியீடு, 2008-ல் சுமார் 52 சதவீதம் விழுந்தது, 2009-ல் சுமார் 76 சதவீதம் ஏறியது. 2008 தொடக்கத்தில் ஒரு லட்சம் போட்டவருக்கு 2009 கடைசியில் லாபமா, நஷ்டமா? முக்கால்வாசிப் பேர் 24 சதவீதம் லாபம் என்பார்கள். அவர்களையே செல்போன் கால்குலேட்டரில் போடச் சொல்லுங்கள். லட்சம் 48,000 ஆகிவிட்டது. அந்த 48,000-க்குத்தான் 76 சதவீதம். கூட்டினால் 84,480. போட்ட காசே இன்னும் வரவில்லை. இதைத் தன் விரலால் போட்டுப் பார்த்தவர் கொரோனாவில் சந்தை சரிந்த 2020 மார்ச் மாதிரி ஒரு மாதத்தில் பதறி விற்கவே மாட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏமாற்றிவிட்டீர்களே என்று உங்களைத் தேடி வரமாட்டார்.

எழுதியே தீருவேன் என்றால் பக்கத்தில் 8 சதவீதக் கணக்கையும் எழுதுங்கள். முப்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதன் கீழே, விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் அப்போது கைக்கு வரும் 50 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு பதினைந்தரை லட்சம்தான் என்றும் எழுதுங்கள். யாரும் படம் எடுக்க மாட்டார்கள். பரவாயில்லை.

கடன்காரரிடம் எஸ்ஐபி பேசுவது

ரெண்டு வட்டிக் கடனை அடைத்தால் வருடத்துக்கு 24 சதவீதம் மிச்சம், அதுவும் கேரண்டியோடு. அவருக்கு வேறு ஸ்லைடு தேவையில்லை.

சனிக்கிழமைச் சம்பளக்காரருக்கு ஐந்தாம் தேதித் தவணை

நம் பாடமெல்லாம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்கு எழுதியது. பனியன் கம்பெனியில் பெரும்பாலும் வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம். மளிகைக் கடைப் பாக்கியும் குழுத் தவணையும் போக வங்கியில் எதுவும் தங்குவதில்லை. ஐந்தாம் தேதி தானாகப் பிடிக்கும்படி கையெழுத்து வாங்கிவிட்டால், 500 ரூபாய் எஸ்ஐபி திரும்பிப் போய், அதற்கு வங்கி சில நூறு ரூபாய் அபராதமும் ஜிஎஸ்டியும் பிடிக்கும். இரண்டு மாதம் இப்படி நடந்தால் அவர் சேமிப்பு என்ற பேச்சையே கேட்கமாட்டார். சில ஃபண்டுகளில் வாராந்திர எஸ்ஐபி இருக்கிறது. எதையும் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சம்பளம் என்றைக்கு, எப்படி வருகிறது?

சீட்டைக் கிண்டல் செய்வது

மகளிர் குழுக் கூட்டத்தில் போய் “ஏலச்சீட்டெல்லாம் பழைய காலம்” என்று ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எதிரே இருப்பவர்களில் சிலர் உங்களைவிட நன்றாக வட்டிக் கணக்கு போடுவார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணத்துக்குத் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) கொஞ்சம் கூடப் போனாலும் சீட்டை எடுக்கலாம். எஸ்ஐபி தொடங்கிய மூன்றாவது மாதம் அந்தத் தொகை கிடைக்குமா?

சீட்டை விடச் சொல்லாமல், விசாரிக்கக் கற்றுக்கொடுங்கள். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்ததா? நடத்துபவர் எடுக்கும் கமிஷன் எவ்வளவு? சட்டத்தில் உச்சவரம்பு 7 சதவீதம், முன்பு 5 ஆக இருந்தது. நகைச்சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது என்றும் கேட்டுப் பாருங்கள். நகைக் கம்பெனி முன்பணத்தை 365 நாளுக்கு மேல் வைத்திருந்தால் அது டெபாசிட் கணக்கில் போய்விடும், அதற்கு வேறு விதிகள். இதைச் சொன்னால் கூட்டம் உங்கள் பக்கம் திரும்பும்.

ஆப்ஷன் பற்றி இன்னொரு நாள் பேசலாம் என்பது

கல்லூரிக் கூட்டமென்றால் அந்த இன்னொரு நாள் வராது. பையன்கள் ஏற்கனவே செல்போனில் செயலியை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வை முதல் பத்து நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள்: 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருடத்தில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர், ஆப்ஷன் என்ற பங்கு விலை ஒப்பந்த வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அறிவுரை சேர்க்காதீர்கள். அந்த 93-ல் தானில்லை என்று நினைப்பவர்களைக் கை தூக்கச் சொல்லுங்கள். எல்லாக் கையும் மேலே போகும், அவர்களே சுற்றிப் பார்த்துக்கொள்வார்கள்.

நேற்றைய விலையைத் திரையில் காட்டுவது

2025 ஜனவரியில் செபி தெளிவாகவே சொல்லிவிட்டது. பாடம் நடத்துகிறவர் பங்கு விலையைப் பயன்படுத்தினால் அது குறைந்தது மூன்று மாதம் பழையதாக இருக்க வேண்டும் என்றது.

டீ இடைவேளையில் முதலீட்டு விண்ணப்பப் படிவம் நீட்டுவது

கூடவே கூடாது.

புகார் எங்கே கொடுப்பது என்று சொல்லாமல் முடிப்பது

கேள்வி நேரம் நீண்டுபோய் முதலில் வெட்டுப்படுவது இதுதான். ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரின் பதிவு எண் ஐஎன்ஏ என்றும், பங்கு ஆய்வாளர் எண் ஐஎன்எச் என்றும் தொடங்கும். எண்ணைக் கேட்டு வாங்கி செபி இணையதளத்தில் தேடிப் பார்க்க வேண்டும். புரோக்கர், ஃபண்ட் கம்பெனி மீது புகார் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் இணையதளம். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, போலிச் செயலியில் லாபம் காட்டிப் பணத்தைப் பிடுங்கியிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் போட வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் தடுத்தால்தான் உண்டு, வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தால் போச்சு.

இதைத் திரையில் காட்டினால் மட்டும் போதாது. கூட்டத்தை இரண்டு நிமிஷம் நிறுத்தி, 1930-ஐ அவரவர் செல்போனில் பெயர் போட்டுச் சேமிக்கச் சொல்லுங்கள். போடத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் போட்டுக் கொடுக்கட்டும்.