டிராப் பார் மாட்டிவிட்டால் கிராவல் பைக் ஆகிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஏற்காடு அடிவாரத்து டீக்கடைகளில் சாய்ந்து நிற்கும் சைக்கிள்களில் இப்போது ஒரு புது ரகம் தென்படுகிறது. பழைய ஹார்டுடெயில் எம்டிபி, அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள். அதில் ரோடு ரேஸ் சைக்கிளில் வரும், கிடாக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பாரான டிராப் பார். கேட்டால் ‘கிராவல் ஆக்கிட்டேன்’ என்பார்கள். பக்கத்திலேயே நல்ல கிராவல் பைக் ஒன்று நிற்கும், முன்னால் 100 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க்கோடு. அவர் ‘எம்டிபி ஆக்கிட்டேன்’ என்பார். இரண்டுமே புதிய தவறுகள் அல்ல. மலையேறிப் பழகியவர்கள் பலரும் ஒரு காலத்தில் காசு கட்டிப் படித்த பாடங்கள்தான்.

ஹெல்மெட் போடுங்கள், செயினைத் துடையுங்கள் வகை அறிவுரை இதில் கிடையாது.

பாரைப் பார்த்துப் பெயர் வைப்பது

சேலம் பக்கம் கிராவல் என்றால் டிப்பர் லாரியில் வந்து கொட்டும் கிராவல் மண்தான் முதலில் நினைவுக்கு வரும். சைக்கிளுக்கு அந்தப் பெயர் வந்ததும் அந்த மாதிரிப் பாதையை வைத்துத்தான். தார் கிடையாது, ஆனால் வண்டி ஓடி ஓடி இறுகிய சாலை. மேட்டூர் கால்வாய்க்கரை, ஏரிக்கரை, செம்மண் தடம். அதில் வேகமாகவும் நீண்ட நேரமும் போக ஒரு சைக்கிள் வேண்டுமென்றால் அதன் ஃப்ரேம் ரோடு பைக்கின் ஒன்றுவிட்ட தம்பி போலத்தான் இருக்கும்.

ஆகவே டேப்பை எடுத்து ஃப்ரேமை அளக்க வேண்டும். கிராவல் என்றால் ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் தண்டு சாயும் கோணம், 70 முதல் 72 டிகிரி. எம்டிபி என்றால் பெரும்பாலும் 66 முதல் 69. கிராவல் ஃபோர்க்கின் நீளம், அதாவது ஆக்சிலிலிருந்து ஃபோர்க்கின் மேல்முனையான கிரவுன் வரை, 395 மி.மீ. பக்கம், 100 மி.மீ. டிராவல் (அமுங்கும் தூரம்) உள்ள 29 இஞ்ச் ஃபோர்க் 500 மி.மீ. பக்கம். கிராவல் ஹப் (அச்சின் தடிமன் × ஹப்பின் அகலம், மி.மீ.) முன்னால் 12×100, பின்னால் 12×142. பூஸ்ட் எனும் அகல ரக எம்டிபி ஹப் 15×110, 12×148. மீடியம் சைஸில் கிராவல் ஃப்ரேமின் ரீச், அதாவது பெடல் சுழலும் அச்சிலிருந்து ஹெட் டியூப் உச்சி வரையிலான கிடைத்தூரம், 380 முதல் 395 மி.மீ.; இன்றைய ஹார்டுடெயிலில் 430 முதல் 450. இந்த எண்கள் எந்தப் பக்கம் விழுகின்றனவோ, வண்டி அந்தச் சாதி. பார் வளைந்திருந்தாலும் நேராக இருந்தாலும் அது மாறாது.

டிராப் பார் எம்டிபி ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. ஜான் டோமாக் 1990-லேயே எம்டிபி பந்தயங்களில் டிராப் பாரோடு இறங்கினார். ரோடு பந்தயமும் ஓட்டிக்கொண்டிருந்தவர், இரண்டுக்கும் ஒரே கைவாகு இருக்கட்டும் என்று பார்த்தார். டிராப் பாருக்கென்றே கணக்குப் போட்டு எம்டிபி டயரோடு வரும் ஃப்ரேம்களும் உண்டு. சல்சா கட்த்ரோட் அப்படிப்பட்டது. அடிவாரத்தில் நிற்பவை பெரும்பாலும் அந்த ரகம் அல்ல.

700சி வேறு, 29 இஞ்ச் வேறு என்று நினைப்பது

இரண்டு ரிம்மும் டயர் உட்காரும் இடத்தில் 622 மி.மீ. விட்டம்தான்.

ரோடு பிரேக் லீவரை எம்டிபி பிரேக் காலிபரோடு கோப்பது

மற்ற தவறுகளில் பணம் போகும், முதுகு வலிக்கும். இதில் மட்டும் ஆள் பள்ளத்துக்குப் போகலாம். இருந்தும் மாதத்துக்கு ஒரு வண்டியாவது இப்படிக் கோத்து வந்து நிற்கிறது. கோத்துக் கொடுக்கும் மெக்கானிக்கும் ‘சூப்பரா புடிக்குது சார்’ என்று சொல்லித்தான் அனுப்புகிறார். எரிச்சல் அங்கேதான். அவர் சொல்வது பொய்யில்லை, அந்த நேரத்தில் உண்மையாகவே நன்றாகப் பிடிக்கும்.

காரணம் இதுதான். டிராப் பாரில் வரும் ரோடு லீவர் ஒரு முறை அழுத்தினால் இழுக்கும் கேபிளின் நீளம் குறைவு. ரிம்மை இருபக்கமும் கவ்வும் வி-பிரேக் காலத்திலிருந்து எம்டிபி லீவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேபிள் இழுக்கும்படி வந்தன. ரோட்டர் எனும் வட்டத் தகட்டை இரு பேட்களால் கவ்வும் மெக்கானிக்கல் டிஸ்க் காலிபரின் கையும் அந்தந்த லீவரின் இழுவைக்குத் தக்கபடி செய்யப்பட்டிருக்கும். எம்டிபி காலிபருக்கு நிறைய கேபிள் வேண்டும். ரோடு லீவர் கொடுப்பது பாதி. அப்படியானால் பேட் ரோட்டரைத் தொடும் முன்பே லீவர் பாரில் முட்ட வேண்டும். முட்டுகிறது. மெக்கானிக் உடனே பேட் திருகைச் சுற்றி, பேட்டை ரோட்டரோடு உரசாத குறையாகக் கொண்டுவந்து நிறுத்துவார். இப்போது அழுத்தினால் கல் மாதிரி பிடிக்கும். கேபிள் பாதிதான் நகர்கிறது என்பதால் நெம்புவிசை இரட்டிப்பு. தெருவில் ஒரு சுற்று ஓட்டினால் ஹைட்ராலிக் பிரேக் மாதிரியே தோன்றும்.

பிறகு ஏற்காட்டிலிருந்து இறங்குவார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். பேட் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் தேயும். சரியாகப் பொருந்திய பிரேக்கில் அந்தத் தேய்மானம் லீவரில் லேசாகத்தான் தெரியும். இங்கே அதே தேய்மானம் இரண்டு மடங்கு லீவர் தூரத்தைத் தின்னும். பத்துப் பன்னிரண்டு வளைவு இறங்குவதற்குள் லீவர் பாரைத் தொட ஆரம்பிக்கும். மழை பெய்து செம்மண் தண்ணீர் ரோட்டரில் ஓடினால் பேட் இன்னும் சீக்கிரம் கரையும். ஆறாம் வளைவை நெருங்கும்போது லீவர் பாரோடு ஒட்டிப்போய், காலைத் தரையில் தேய்த்து, கடைசியில் மலைப்பக்க ஓடையில் சக்கரத்தை விட்டு நிறுத்தியவர் ஒருவர் உண்டு. ஷூ அடிப்பாகம் போனது, முன் ரிம் போனது. இடப்பக்கம் ஓடை இல்லாத வளைவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

இதைச் சமாளிக்கப் பலர் செய்வது இன்னும் மோசம். கேபிளை இறுக்கும் பேரல் அட்ஜஸ்டரைத் திருகித் திருகிக் காலிபர் கையைப் பாதி இழுத்த நிலையிலேயே வைத்துவிடுகிறார்கள். கை முழுதாகப் பின்னால் திரும்பி நிற்க வேண்டும். அங்கிருந்து தொடங்கினால்தான் உள்ளே இருக்கும் சரிவுப் பாதையின் முழு நீளமும் பேட்டைத் தள்ளக் கிடைக்கும். பேட் தேய்மானத்தைக் காலிபரில் இருக்கும் பேட் திருகாலேயே சரிசெய்ய வேண்டும், கேபிளால் அல்ல. அவிட் பிபி7-இல் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு சிவப்புத் திருகுகள் இருப்பது அதற்குத்தான்.

சரியான வழிகள் மூன்று. முதலாவது, ரோடு லீவருக்கான காலிபர் வாங்குவது. டிஆர்பி ஸ்பைர் ரோடு லீவருக்கு. அதே உருவத்தில் வரும் ஸ்பைக் எம்டிபி லீவருக்கு. ஒரெழுத்து வித்தியாசம், வாங்கும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். பிபி7-உம் ரோடு, மவுண்டன் என இரண்டு வகை. பழைய பொருள் வாங்கும்போது ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். இரண்டாவது, கேபிளில் இயங்கும் ஹைட்ராலிக் காலிபர்; டிஆர்பி ஹைரோடு ரோடு லீவருக்காகவே செய்தது. மூன்றாவது, எம்டிபி காலிபரை அப்படியே வைத்துக்கொண்டு டெக்ட்ரோ ஆர்எல்520 மாதிரி அதிகக் கேபிள் இழுக்கும் டிராப் பார் லீவர் போடுவது. அதில் கியர் கிடையாது, பார் முனையில் தனி ஷிஃப்டர் வைக்க வேண்டிவரும். எந்த வழியானாலும் காலிபர் பொருத்தும் இடம் போஸ்ட் மவுண்டா ஃப்ளாட் மவுண்டா என்று ஃப்ரேமைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பின் பிரேக் கேபிளின் வெளி உறையான அவுட்டரையும் மாற்றுங்கள். எம்டிபி ஃப்ரேமில் அது நீளம். சாதாரண சுருள் அவுட்டர் அழுத்தும்போது தானும் சுருங்கி, இருக்கிற கொஞ்சம் இழுவையையும் விழுங்கிவிடும். பிரேக்குக்கென்றே வரும் சுருங்காத அவுட்டர் போட வேண்டும். கியர் அவுட்டரும் சுருங்காதே என்று அதை வெட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் அழுத்தத்தில் அது பிளந்துகொள்ளும். ஒரு தடவை பிளந்தால் பிரேக்கே இல்லை.

சோதிக்கும் விதம்: பேட்டுக்கும் ரோட்டருக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழையும் இடைவெளி இருபக்கமும் வையுங்கள். டிராப்பைப் பிடித்தபடி லீவரை முழுப் பலத்தோடு அழுத்தி அரை நிமிடம் அப்படியே வையுங்கள். லீவருக்கும் பாருக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் அந்த வண்டி அடிவாரத்தைத் தாண்டக் கூடாது.

கியரும் அதே கதைதான், ஆனால் உயிர் போகாது

ஷிமானோவில் 9 ஸ்பீடு வரை ரோடும் எம்டிபியும் ஒரே இழுவை. சோரா 9 ஸ்பீடு ரோடு லீவரோடு பழைய 9 ஸ்பீடு டியோர் எம்டிபி டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) நன்றாகவே ஓடும், மலிவும்கூட. 10 ஸ்பீடு வந்ததும் இரண்டும் பிரிந்துவிட்டன. 10 ஸ்பீடு ரோடு லீவரில் 10 ஸ்பீடு எம்டிபி டீரெய்லரை மாட்டினால் ஒவ்வொரு கிளிக்குக்கும் அது நகரும் தூரம் குறைவாக இருக்கும். கடைசி வரை கிளிக் செய்தாலும் ஏழாவது பல்சக்கரம் பக்கத்தில் நின்றுவிடும். ஏற்றத்துக்கு வேண்டிய பெரிய பல்சக்கரம் மட்டும் வராது! ஸ்ராமில் 10 ஸ்பீடு ஒன்றுக்கொன்று பொருந்தும், 11-இல் பொருந்தாது. குழப்பமே வேண்டாம் என்றால் மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் மாதிரி டிராப் பார் லீவரும் 11-48 பல் கேசட்டும் (பின் பல்சக்கரத் தொகுப்பு) ஒரே குடும்பத்தில் வருவதை வாங்கிவிடலாம். லீவரின் பிரேக் பக்கம் ரோடு இழுவை என்பதை மறக்காதீர்கள்.

எம்டிபியின் 22.2 மி.மீ. லீவர் கிளாம்பை டிராப் பாரில் மாட்ட முயல்வது

பார் 23.8. ஏறாது, அடித்து ஏற்றாதீர்கள்.

பழைய சைஸ் ஃப்ரேமிலேயே டிராப் பார்

ஃப்ளாட் பாரில் கை நிற்கும் இடம், பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மின் நுனிக்குப் பக்கத்திலேயே. டிராப் பாரில் கை லீவரின் ரப்பர் உறையான ஹூடின் மேல் உட்காரும். அது பாரின் ரீச் (பார் முன்னால் நீளும் தூரம்) 70, 80 மி.மீ. போக இன்னும் முன்னால். 60 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 35 போட்டால் திரும்பக் கிடைப்பது 25 மி.மீ. தான். மிச்சத்துக்கு ஆள் நீட்டிப் படுக்க வேண்டும். கழுத்து வலி தாங்காமல் சீட்டை முன்னால் தள்ளுவார்கள், பிறகு முட்டி வலிக்கும். ஒரு சைஸ் சிறிய ஃப்ரேமில் செய்தால் பெரும்பாலும் சரியாக வரும். அகலம் 48 செ.மீ.-க்குக் குறையாமல், டிராப் நன்றாக வெளியே விரியும் பாராக எடுங்கள். கரடுமுரடில் இறங்கும்போது கை டிராப்பில்தான் இருக்கும், அங்கிருந்துதான் வண்டியைத் திருப்ப வேண்டும்.

கிராவல் ஃப்ரேமில் 100 மி.மீ. ஃபோர்க்

ஃபோர்க் 20 மி.மீ. நீண்டால் ஹெட் ஆங்கிள் ஏறக்குறைய ஒரு டிகிரி படுக்கும். 395 இருந்த இடத்தில் 500 போட்டால் ஐந்து டிகிரி. ஏற்றத்தில் முன் சக்கரம் இங்குமங்கும் அலையும், உட்காரும் இடம் பின்னால் சாயும், ஹெட் டியூப் இணைப்பில் அதற்கென்று கணக்கிடாத பளு ஏறும். வாரன்டி போய்விடும் என்பது சின்ன விஷயம். சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் கிராவலுக்கென்றே 30, 40 மி.மீ. டிராவலில் ஃபோர்க் வருகிறது. அதையும் உங்கள் ஃப்ரேம் ஏற்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எம்டிபி ஃப்ரேமில் 46/30 கிராங்க்

46 பல்லுள்ள பெரிய செயின் ரிங், பின் சக்கரத்துக்குப் போகும் ஃப்ரேம் குழாயான செயின்ஸ்டேயை அறுக்கும்.

டயர் ‘உள்ளே போகுது’ என்று திருப்தி அடைவது

45 மி.மீ. போகும் என்று எழுதியிருக்கும் ஃப்ரேமில் 45 போட்டு, சுற்றும்போது உரசவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். 40 என்று அச்சிட்ட டயர் அகலமான ரிம்மில் 42 வரை விரியும்; வெர்னியர் வைத்து அளங்கள். இருபக்கமும் 5 மி.மீ. மிஞ்ச வேண்டும். ஐப்பசி மழையில் காபி எஸ்டேட் மண் களிமாதிரி ஒட்டும். இடைவெளி இல்லாத வண்டியில் அது செயின்ஸ்டேயில் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்தும், கார்பன் ஃப்ரேம் என்றால் உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்க்கும். காற்றும் அப்படித்தான்: 70 கிலோ ஆளுக்கு 40 மி.மீ. டியூப்லெஸ்ஸில் 35 முதல் 40 பிஎஸ்ஐ, 2.2 இஞ்சில் 20 முதல் 24. சேலம் வெயிலுக்கு டயருக்குள் ஊற்றும், துளை அடைக்கும் சீலன்ட் சீக்கிரம் காயும், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வால்வைக் கழற்றிப் பாருங்கள்.

எந்தப் பாதைக்கு எது என்று யோசிக்காமல் கட்டுவது

ஏற்காட்டைச் சுற்றும் 32 கி.மீ. லூப் ரோடு தார்ச்சாலை. அதற்கு கிராவல் பைக் போதும், சொல்லப்போனால் அதிகம். நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் சாலையை விட்டு இறங்கினால் மழை அரித்த வாய்க்காலும் பாதி புதைந்த கல்லும் வரும்; அங்கே எம்டிபி ஃப்ரேம் தன் வேலையைக் காட்டும். பெடல் சுழலும் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டின் உயரம் கிராவலில் 275 மி.மீ. பக்கம், 29 இஞ்ச் எம்டிபியில் 305 பக்கம். அந்த மூன்று சென்டிமீட்டர் இல்லாததால்தான் பெடல் கல்லில் இடித்து ஆள் விழுகிறார். எஸ்டேட் பாதைகள் தனியார் நிலம், வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். மாலையில் காட்டெருமை நிற்கும், எந்த வண்டியானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஏற்றத்தில் கிராவலின் 30/34 கியரில் (முன்னால் 30 பல், பின்னால் 34) நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7 கி.மீ. வரும். அதற்குக் கீழே கால் கெஞ்சும். எம்டிபியின் 32/51-இல் அதே 60 சுற்றுக்கு 5 கி.மீ. சொச்சம். குப்பனூர் வழியாக ஏறுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை வீட்டிலேயே கணக்குப் பார்த்துவிட்டுக் கேசட் வாங்கட்டும்.