ஒரே கொசு, ஐந்து பத்தி: தகவல் கட்டுரையின் அமைப்பைச் சொல்லித் தருவது எப்படி?

கட்டுரை என்றதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிவது முன்னுரை, பொருளுரை, முடிவுரை. தேர்வில் குறிப்புச்சட்டகம் போட்டும் பழகியிருப்பார்கள். பொருளுரைக்குள் வாக்கியங்கள் எந்த முறையில் ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன என்பதை மட்டும் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். தகவல் கட்டுரையில் ஒவ்வொரு பத்தியும் ஒரு கேள்விக்குப் பதில். கேள்வி மாறினால் அமைப்பும் மாறும். அதைக் காட்டத்தான் இந்தப் பாடம்.

4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 நிமிட வகுப்பு மூன்று போதும். வெள்ளைத்தாள், கத்தரிக்கோல், நாலு பேருக்கு ஓர் உறை, இரண்டு நிறப் பென்சில்கள் வேண்டும்.

படி 1: ஒரே பொருளில் ஐந்து பத்தி

பத்திக்கு ஒரு பொருள் என்று கொடுத்தால், பிள்ளைகள் பொருளைத்தான் கவனிப்பார்கள். ஐந்திலும் கொசுவே இருந்தால் வேறுபடுவது அமைப்பு மட்டும்தான். கண்ணும் அங்கே போகும். கீழே உள்ளவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அ) ஏடிஸ் கொசுவின் உடல் கறுப்பாக இருக்கும். கால்களில் வெள்ளை வளையங்கள் உண்டு. சிறகுகள் இரண்டு. வாய் ஊசிபோல நீண்டிருக்கும்.

ஆ) பெண் ஏடிஸ் தண்ணீர் நிற்கும் பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையிடும். தண்ணீர் பட்டதும் முட்டை பொரிந்து புழு வெளிவரும். புழு சில நாளில் கூட்டுப்புழுவாக மாறும். கூட்டை உடைத்துக்கொண்டு கொசு வெளியே வரும். சிறகு காய்ந்ததும் பறந்துவிடும்.

இ) கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர்வதற்கு இரத்தத்திலுள்ள புரதம் அதற்குத் தேவை. ஆண் கொசுவுக்கு அந்தத் தேவை இல்லாததால் பூந்தேனைக் குடித்தே வாழ்கிறது.

ஈ) டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் பகலில் கடிக்கும்; மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் இரவில் கடிக்கும். உட்காரும்போது ஏடிஸின் உடல் சுவருக்கு இணையாக இருக்கும். அனாபிலஸ் பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்காரும். இரண்டின் புழுவும் தண்ணீரில்தான் வளரும்.

உ) மூடாத தொட்டியில் கொசு பெருகும். தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டால் போதாது. சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டை காய்ந்துகிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவி, துணியாலோ மூடியாலோ இறுக மூட வேண்டும்.

படி 2: பெயர் வேண்டாம், கேள்வி போதும்

ஒவ்வொரு பத்தியையும் வாசித்து, “இது எந்தக் கேள்விக்குப் பதில்?” என்று கேளுங்கள். எப்படி இருக்கும்? அடுத்து என்ன நடக்கும்? ஏன்? எதில் ஒன்று, எதில் வேறு? என்ன செய்யலாம்? இந்த ஐந்தையும் பிள்ளைகள் வாயாலேயே வரவழைத்துக் கரும்பலகையில் எழுதுங்கள். விவரிப்பு, வரிசைமுறை, காரணமும் விளைவும், ஒப்பீடு, சிக்கலும் தீர்வும் என்ற பெயர்கள் மூன்றாவது பாடவேளையில் வந்தால் போதும். முதலிலேயே பெயரைக் கொடுத்தால் மனப்பாடம்தான் மிஞ்சும்.

படி 3: வெட்டிக் கலைத்துப் பார்த்தல்

மொத்தப் பாடத்திலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ‘ஆ’ பத்தியை வாக்கியத்துக்கு ஒரு துண்டாக, ஐந்து துண்டுகளாக வெட்டி உறையில் போடுங்கள். குழுக்கள் அடுக்கட்டும். எளிதில் அடுக்கிவிடுவார்கள், வேறு மாதிரி அடுக்கினால் கொசு முட்டைக்குள் போய்விடும் என்று அவர்களே சிரிப்பார்கள்.

அடுத்து ‘அ’ பத்தியின் நான்கு துண்டுகள். குழுவுக்கு ஒரு வரிசை வரும், சண்டையும் வரும். வரட்டும். எல்லா வரிசையுமே சரி என்று ஒத்துக்கொள்ளும்போதுதான் விவரிப்புக்கும் வரிசைமுறைக்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தட்டுப்படும். ‘ஈ’ பத்தியில் ஒரு வாக்கியத்தை எடுத்து அரைப்புள்ளி உள்ள இடத்தில் வெட்டுங்கள். பாதி வாக்கியம் தன் ஜோடியைத் தேடும். ஒப்பீட்டின் இயல்பு அதுதான்.

துண்டுகளை நேர்க்கோட்டில் ஒரே அளவில் வெட்டுங்கள். கோணலாக வெட்டினால் வாசிக்காமலே ஓரத்தைப் பொருத்தி அடுக்கிவிடுவார்கள். ‘முதலில்’, ‘கடைசியாக’ என்ற சொற்களைச் சேர்க்காதீர்கள்; அவை விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 4: இணைப்புச் சொல் வேட்டையில் ஒரு கண்ணி

‘அதனால்’ வந்தால் காரணம், ‘ஆனால்’ வந்தால் ஒப்பீடு என்று பட்டியல் கொடுப்பது வழக்கம். தமிழுக்கு இது பாதிதான் பொருந்தும். நம் மொழியில் உறவு பெரும்பாலும் தனிச்சொல்லாக நிற்பதில்லை, சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘பட்டதும்’, ‘காய்ந்ததும்’ என்பவற்றில் வரிசை இருக்கிறது. ‘காய்ந்துகிடந்தாலும்’ என்பதில் எதிர்பார்த்ததற்கு மாறானது இருக்கிறது. ‘இ’ பத்தியில் ‘அதனால்’ இல்லை, ‘ஏனெனில்’ இல்லை. ஆனாலும் அது காரணம் சொல்லும் பத்திதான். அதிலும் முதல் இரண்டு வாக்கியங்களில் விளைவு முதலில் வருகிறது, காரணம் பின்னால் வருகிறது.

இன்னொரு சிக்கல், ‘ஆல்’ என்ற ஒலி. ‘இல்லாததால்’ காரணம் சொல்கிறது, ‘கொட்டிவிட்டால்’ நிபந்தனை சொல்கிறது, ‘துணியாலோ’ கருவியைச் சொல்கிறது. மூன்றையும் பலகையில் எழுதி, எதற்கு “ஏன்?” என்ற கேள்வி பொருந்துகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காரணம் காட்டும் வாலுக்குச் சிவப்புக் கோடு, வரிசை காட்டும் வாலுக்கு நீலக் கோடு. மற்றவற்றுக்கு இப்போது கோடு வேண்டாம். நிறம் கூடினால் பக்கம் கோலமாகிவிடும்.

படி 5: படமாக வரைதல்

வரிசைக்கு அம்புக்குறி போட்ட பெட்டிகள், விவரிப்புக்கு நடுவில் பெயரும் சுற்றிலும் கோடுகளும், காரணத்துக்கு இரண்டு பெட்டி, சிக்கல்–தீர்வுக்கும் இரண்டு பெட்டி. ஒப்பீட்டுக்கு மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்களைக் கொடுத்தால், ஒரு வட்டத்தில் ‘பகலில் கடிக்கும்’ என்றும் மற்றதில் ‘மலேரியா பரப்பும்’ என்றும் எழுதுவார்கள். இரண்டும் உண்மை, ஆனால் ஒப்பீடு நடக்கவில்லை. மூன்று நெடுவரிசைகள் உள்ள அட்டவணையே மேல். முதல் நெடுவரிசையில் அளவுகோல் (கடிக்கும் நேரம், உட்காரும் விதம், பரப்பும் நோய்), அடுத்தவற்றில் இரு கொசுக்கள். கட்டம் காலியாக இருந்தால் எந்தத் தகவலைத் தேட வேண்டும் என்பதும் உடனே தெரியும்.

படி 6: எழுதவைத்தல்

வாழை, காகம், சைக்கிள் என்று பிள்ளைக்குப் பழக்கமான பொருள் ஒன்று, ஐந்தில் ஒரு கேள்வி, அதற்கான படம், பிறகு ஐந்தாறு வாக்கியங்கள். கேள்வியைத் தாளின் தலையில் எழுதியே ஆக வேண்டும். திருத்தும்போது ஒவ்வொரு வாக்கியமும் அந்தக் கேள்விக்குப் பதிலா என்று பாருங்கள். இந்தச் சுற்றில் எழுத்துப்பிழையை விட்டுவிடலாம்.

தவறுகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, “நான்தான் வாழைமரம் பேசுகிறேன்” என்று தன்வரலாறாக மாறிவிடுவது. அது வேறு வகைக் கட்டுரை, தப்பில்லை; இங்கே ‘நான்’ வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். இன்னொன்று, எதை எழுதினாலும் “எனவே நாம் அனைவரும் மரங்களைக் காப்போம்” என்று முடிப்பது. சைக்கிள் சக்கரத்தின் பாகங்களைச் சொன்ன பத்திக்கும் அந்த வால் முளைத்திருக்கும். “இது உன் கேள்விக்குப் பதிலா?” என்று கேட்டால் பிள்ளையே அந்த வரியை அடித்துவிடும்.

படி 7: பாடநூலுக்குத் திரும்புதல்

அறிவியல் பாடம் ஒன்றை எடுத்து, பத்திக்குப் பத்தி ஓரத்தில் கேள்வியை எழுதச் சொல்லுங்கள். துணைத்தலைப்புகளையும் கேள்வியாக மாற்றலாம்: ‘நீரின் பயன்கள்’ என்றால் ‘நீர் எதற்கெல்லாம் பயன்படுகிறது?’. ஒரே பாடத்தில் மூன்று நான்கு அமைப்புகள் கலந்திருப்பதைப் பார்ப்பார்கள். ஒரு பத்திக்கே இரண்டு கேள்வி பொருந்துகிறது என்று யாராவது சொன்னால், எந்தக் கேள்விக்கு அதிக வாக்கியங்கள் பதில் சொல்கின்றன என்று எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிக்கை சமமாக வந்தால் அந்த இடத்தில் பத்தியைப் பிரித்து எழுதிப் பார்க்கலாம்.