யார் ஓவர்ரேட்டட்? கோல்ஃப் வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் நாலு பேர் கோல்ஃப் பேச உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் ஒருவராவது "அந்த ஆள் சும்மா ஓவர்ரேட்டட்" என்று சொல்லிவிடுவார். ரிசர்வாயர் ஹில்ஸில் உம்கேனி ஆற்றோரம் இருக்கும் பாப்வா சேவ்கோலம் மைதானமாக இருக்கட்டும், சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டுப் பின்கட்டில் இறைச்சி சுடும் பிராய் அடுப்பைச் சுற்றி நிற்பதாக இருக்கட்டும், பெயர்கள்தான் மாறும். பேசுகிறவர்களுக்கு ஆட்டம் நன்றாகத் தெரியும். ஆனாலும் பேச்சு கத்தலில் முடிகிறது. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை யாரும் முதலில் சொல்லிவைப்பதில்லை என்பதே காரணம்.

'ஓவர்ரேட்டட்' என்றால் ஒருவருக்குக் கிடைத்திருக்கும் பெயர் அவர் ஆடிக் காட்டியதைவிடப் பெரிது என்று அர்த்தம். ஆக இரண்டு அளவு வேண்டும். பலர் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

இதற்கு ரிக்கி ஃபவுலரைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2015-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களிடமே பெயர் வெளியிடாமல் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். அதிகம் ஓவர்ரேட்டட் யார் என்ற கேள்விக்கு ஃபவுலரும் இயன் போல்ட்டரும் தலா 24 விழுக்காடு வாங்கி முதலிடத்தில் நின்றார்கள். அது வெளியான சில நாட்களிலேயே ஃபவுலர் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பை வென்றார். கடைசிச் சுற்றில் 16-ஆவது குழியில் ஈகிள் (அந்தக் குழிக்கு வைத்த மட்டையடிக் கணக்கான 'பார்'-ஐவிட இரண்டு குறைவு), 17-இலும் 18-இலும் பர்டி (ஒன்று குறைவு), பிறகு செர்ஜியோ கார்சியா, கெவின் கிஸ்னர் இருவரோடும் சமநிலையை முறிக்கும் பிளேஆஃப். அதற்கு முந்தைய ஆண்டு நான்கு மேஜர்களிலும் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகள்: மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓபன், பிரிட்டனின் 'ஓபன்', பிஜிஏ சாம்பியன்ஷிப்) முதல் ஐந்து இடத்துக்குள் வந்தவர் அவர். வாக்களித்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அன்றைக்கு அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் அவருடைய வெற்றி ஒன்றே ஒன்று, விளம்பரமோ எங்கு பார்த்தாலும். வெற்றியை எண்ணியவருக்கு அவர் ஊதிப் பெருக்கப்பட்டவர்; மேஜர்களில் நின்ற இடத்தைப் பார்த்தவருக்கு அப்படி இல்லை. எனவே வாதம் தொடங்கும்போதே "இவரை உலகின் முதல் ஐந்து பேரில் ஒருவர் என்கிறார்கள், நான் இருபதில் ஒருவர் என்கிறேன்" என்று எண்ணோடு சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, மேஜரை மட்டும் எண்ணுவது. காலின் மாண்ட்கோமரி ஐரோப்பிய டூரின் ஆண்டுப் பட்டியலில் 8 முறை முதலிடம் பிடித்தவர். 1993 முதல் 1999 வரை தொடர்ந்து ஏழு முறை, பிறகு 2005. மேஜர் ஒன்றுகூட இல்லை. நம்ம தென்னாப்பிரிக்கர் எர்னி எல்ஸ் 1994-இல் யு.எஸ். ஓபனை வென்றது மாண்ட்கோமரியும் லாரன் ராபர்ட்ஸும் இருந்த பிளேஆஃபில். 1997-இல் வென்றது அதே மாண்ட்கோமரியை ஒரே ஒரு அடியில் முந்தி. 72 குழிக்குப் பிறகு ஒரு பட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) உள்ளே விழுவதும் விளிம்பில் சுற்றி வெளியே வருவதும் திறமையின் முழு அளவு ஆகாது. லூயிஸ் ஊஸ்ட்ஹைசனைப் பாருங்கள்: 2010-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் 7 அடி வித்தியாசத்தில் ஓபன் வென்றார், அதன்பின் நான்கு மேஜர்களிலும் இரண்டாம் இடத்தைப் பார்த்துவிட்டார். 'ஒரு மேஜர்காரர்' என்று ஒரு வார்த்தையில் அவரை முடித்துவிடுவது அநியாயம். வெற்றிகளோடு முதல் ஐந்து இடங்களையும் கட் (பின்தங்கியவர்களைப் பாதியில் வெளியேற்றும் வரம்பு) தாண்டிய எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் முழுசாகத் தெரிவார்.

தரவரிசையைக் கையில் எடுப்பவர்களும் சறுக்குகிறார்கள். உலகத் தரவரிசை இரண்டு ஆண்டுக் கணக்கு மட்டுமே. கிடைத்த புள்ளி முதல் 13 வாரம் முழுசாக நிற்கும், பிறகு வாரா வாரம் தேய்ந்து இரண்டு ஆண்டு முடிவில் மறைந்துவிடும். மொத்தத்தை ஆடிய போட்டிகளால் வகுப்பார்கள். 40-க்குக் குறைவாக ஆடியிருந்தாலும் 40-ஆல்தான் வகுபடும். இது இப்போதைய ஃபார்மைச் சொல்லும், ஒருவரின் வாழ்நாள் எடையைச் சொல்லாது. பிஜிஏ டூருக்குப் போட்டியாக 2022 ஜூனில் தொடங்கிய லிவ் தொடருக்குப் பல ஆண்டுகள் புள்ளி தரப்படவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். அதன் முதல் போட்டியை வென்றவர் நம்ம சார்ல் ஷ்வார்ட்சல். அங்கே போனவர்களின் தரவரிசை சரிந்ததை ஆட்டம் சரிந்ததற்குச் சாட்சியாகக் காட்டவே கூடாது.

டிவியில் பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்வது இன்னொரு பெரிய தவறு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பார்-4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி. பந்து ஃபேர்வேயில் (வெட்டிவிட்ட புல்பாதையில்) கிடக்கிறது, கொடிக்கு 160 கஜம், அதாவது ஏறக்குறைய 146 மீட்டர். அங்கிருந்து முடிக்க பிஜிஏ டூர் சராசரி கிட்டத்தட்ட 3 அடி (தூரம் அல்ல, மட்டையடி). ஆட்டக்காரர் ஐயனை (இரும்புத் தலை மட்டையை) எடுத்து அடிக்கிறார், பந்து குழியிலிருந்து 8 அடித் தூரத்தில் நிற்கிறது. 8 அடித் தூரத்திலிருந்து முடிக்கச் சராசரி ஒன்றரை. அதாவது டூர் ஆட்டக்காரரே பாதித் தடவைதான் அதை ஒரே பட்டில் போடுவார். 3-லிருந்து ஒன்றரைக்கு இறங்க ஒரு அடி செலவானது, ஆக அந்த ஐயன் சம்பாதித்தது அரை அடி. பிறகு பட்டை உள்ளே தள்ளினார், அதில் இன்னொரு அரை அடி. இரண்டும் ஒரே எடை. ஆனால் கேமரா காட்டுவதும், மறுநாள் நாம் பேசுவதும், முஷ்டியை உயர்த்திய அந்தப் பட்டைத்தான். 33 அடித் தூரத்திலிருந்து இரண்டு பட்டில் முடித்தால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை, அதுதான் டூர் சராசரி. அதையே "பட்டிங் சுமார்" என்று சொல்லிவிடுகிறோம்.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இப்படி ஒவ்வொரு அடியையும் எடைபோட்டுப் பார்த்தார். முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களை முந்துவதில் கிரீனை (குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்தரையை) நோக்கி அடிக்கும் அடிகளுக்கு 40 விழுக்காடு, டிரைவுக்கு (நீளமான முதல் அடிக்கு) 28, கிரீனைச் சுற்றிய ஆட்டத்துக்கு 17, பட்டிங்குக்கு 15. ஒருவரை ஓவர்ரேட்டட் என்று சொல்லும் முன் அவருடைய ஐயன் எண்ணைப் பாருங்கள். பட்டிங் எண் வாரத்துக்கு வாரம் ஆடும். நாலு நல்ல வாரத்தை வைத்து ஒருவரைத் தூக்கவும் கூடாது, நாலு மோசமான வாரத்தை வைத்து இறக்கவும் கூடாது.

நீளமாக அடிப்பவரைக் கண்டு மயங்குவதும் உண்டு. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்று மெலிந்து பந்து ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுதலாகப் போகும். அங்கே 300 மீட்டர் போன டிரைவ், டர்பன் கடற்கரையில் 270-ஐ ஒட்டித்தான். பரிசுப் பணத்தை ஒப்பிடுவதும் வீண் வேலை: 1994-இல் எல்ஸுக்கு யு.எஸ். ஓபன் தந்தது 3,20,000 டாலர், 2024-இல் அதே கோப்பைக்கு 43 லட்சம் டாலர்.

எதிரே ஆடியவர்கள் எத்தனை பேர் என்றும் பார்க்க வேண்டும். சன் சிட்டியின் மில்லியன் டாலர் போட்டி 1981-இல் ஐந்து பேரோடு தொடங்கியது, பிறகு வெகுகாலம் பன்னிரண்டு பேர்தான். அந்த வெற்றியையும் 156 பேர் இறங்கும் போட்டியின் வெற்றியையும் ஒரே வரியில் எழுதக் கூடாது. 'அந்தக் காலத்தில் போட்டியே இல்லை' என்று சொல்லிப் பழையவர்களைத் தள்ளுவதும் தப்பு. நம்ம பாபி லாக் நான்கு முறை ஓபன் வென்றபோது அமெரிக்கர்கள் அதிகம் வரவில்லை என்பார்கள். ஆனால் அவர் அமெரிக்காவுக்கே போய் 59 போட்டிகளில் 11 வென்றவர்.

இங்கே எல்லா வாதமும் கடைசியில் நம்ம கேரி பிளேயரிடம்தான் வந்து நிற்கும். அவருடைய கணக்கை ஒரே மூட்டையாகக் கட்டாமல் பிரித்து வையுங்கள். 9 மேஜர்கள் எல்லாம் வெளிநாட்டில் வென்றவை, 1965-இல் யு.எஸ். ஓபனோடு நான்கு மேஜர்களையும் முடித்தார், அதற்கு முன் அதைச் செய்தவர்கள் ஜீன் சாராசனும் பென் ஹோகனும் மட்டும்தான். அந்த எண்ணில் கை வைக்க முடியாது. அங்கேயும் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அமெரிக்க பிஜிஏ வெள்ளையருக்கு மட்டும் என்ற விதியை 1961-இல்தான் நீக்கியது, மாஸ்டர்ஸில் முதல் கறுப்பின ஆட்டக்காரர் லீ எல்டர் இறங்கியது 1975-இல். உள்நாட்டுக் கணக்கு வேறு. 13 தென்னாப்பிரிக்க ஓபன்களும் 1956-க்கும் 1981-க்கும் இடையில் வந்தவை. அந்தக் காலத்தில் பெரும்பகுதி, நிறவெறிச் சட்டம் இந்தியர்களையும் கறுப்பர்களையும் பெரிய போட்டிகளுக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

அப்படி வெளியே நிறுத்தப்பட்ட இந்தியர்களில் ஒருவர், அந்த டர்பன் மைதானத்தின் பெயருக்குரிய பாப்வா சேவ்கோலம். அவர் மட்டையைப் பிடிக்கும் கையைப் பார்த்தால் எந்தப் பயிற்சியாளரும் திருத்தத்தான் போவார். வலக்கைக்காரர் எல்லாரும் இடக்கையை மேலே வைத்துப் பிடிப்பார்கள். மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் 'கேடி'யாக இருந்து தானாகக் கற்ற இவருக்கு வலக்கை மேலே, இடக்கை கீழே. அந்தப் பிடியோடு டச்சு ஓபனை 1959, 1960, 1964 என்று மூன்று முறை வென்றார். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபன் வென்றபோது, வெள்ளையர்கள் கிளப்ஹவுஸுக்குள் இருக்க, வெளியே மழையில் நின்று கோப்பை வாங்கினார். 1965-இல் கேரி பிளேயரும் ஆடிய அதே போட்டியை மறுபடி வென்றார். அதன் பிறகு போட்டிகளில் ஆடத் தடை வந்தது, பாஸ்போர்ட்டும் பறிக்கப்பட்டது.

இதை வைத்து "அப்படியானால் பிளேயர் ஓவர்ரேட்டட்" என்று முடிப்பது அவசரம், "பாப்வா விட்டிருந்தால் பத்து மேஜர் அடித்திருப்பார்" என்று ஊதுவது பாப்வாவுக்கே மரியாதை அல்ல. ஆடவிடாத போட்டிக்கு எண் கிடையாது. செய்ய வேண்டியது இதுதான்: பிளேயரின் 9 மேஜர்களை அப்படியே வையுங்கள், 13 உள்நாட்டு ஓபன்களைத் தனி வரியில் எழுதி, பக்கத்தில் யார் யாருக்கு அனுமதி இல்லை என்று குறியுங்கள், பாப்வாவின் மூன்று டச்சு ஓபன்களையும் இரண்டு நேட்டால் ஓபன்களையும் முழு எடையோடு சேருங்கள். அதே தாளில் நம்ம கறுப்பின ஆட்டக்காரர் வின்சென்ட் ட்ஷபலாலா 1976-இல் வென்ற பிரெஞ்சு ஓபனுக்கும் ஒரு வரி விடுங்கள்.