ஐஸில் தொடங்கி ஆவி வரை: உருகுநிலை, உறைநிலை, கொதிநிலையை நாமே அளப்போம்

தண்ணீர் 0 டிகிரியில் உறையும், 100 டிகிரியில் கொதிக்கும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அடுப்பிலிருக்கும் ஐஸுக்குள் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. கீழே தீ எரிந்துகொண்டே இருக்கும், எண் மட்டும் அசையாது. அந்த அசையாத இடங்களைத் தேடித்தான் இந்தச் செய்முறை.

தேவையானவை: நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் (−20 முதல் 110 டிகிரி வரையாவது காட்ட வேண்டும்), சிறிய பாத்திரம், ஐஸ், உப்பு, கடிகாரம், நோட்டு. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வேண்டவே வேண்டாம். அதன் அளவு 42 டிகிரியோடு முடிந்துவிடும். கண்ணாடியாக இருந்தால் வெடித்தும் போகும். சிறுவர்கள் செய்வதானால் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

படி 1: தெர்மாமீட்டரைச் சோதியுங்கள்

ஐஸை நன்றாக நொறுக்கி, கொஞ்சம் குளிர்ந்த நீர் விட்டுக் கலக்குங்கள். பெரிய கட்டிகளாகப் போட்டால் இடையில் காற்று நிற்கும். நுனி அதைத்தான் அளக்கும். முதல்முறை நான் அப்படித்தான் ஏமாந்தேன்: 4 டிகிரி காட்டியது. இரண்டு நிமிடம் கழித்து 0 வர வேண்டும். 1 காட்டினால் உங்கள் கருவி 1 டிகிரி கூட்டிச் சொல்கிறது. இனி வரும் எல்லா அளவிலும் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 2: உருக்குங்கள்

மிகச் சிறிய தீ. விடாமல் கலக்கிக்கொண்டே, 30 விநாடிக்கு ஒருமுறை எண்ணைக் குறியுங்கள். என் நோட்டில் 0.2, 0.3, 0.2, 0.4 என்று ஒரு பக்கமே ஓடியது. பட்டாணி அளவு ஐஸ் மிதந்தபோதும் 1 டிகிரியைத் தாண்டவில்லை. அந்தக் கடைசித் துண்டு மறைந்ததும் எண் விறுவிறுவென்று ஏறத் தொடங்கியது.

அதுவரை கொடுத்த வெப்பம் எங்கே போனது? ஐஸுக்குள் மூலக்கூறுகளைக் கட்டி வைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தவே செலவானது. 1 கிராம் ஐஸை உருக்க 334 ஜூல் வேண்டும். அதே 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க சுமார் 4.2 ஜூல் போதும். அதாவது, உருக்கச் செலவாகும் வெப்பத்தில் அந்தத் தண்ணீரை 0-விலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரிக்குக் கொண்டுபோய்விடலாம்! 18-ஆம் நூற்றாண்டில் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி இதைக் கண்டு சொன்னார். உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

படி 3: கொதிக்க விடுங்கள்

சூடேறும்போது சுவரோரம் ஒட்டும் சின்னக் குமிழிகளைக் கொதி என்று நினைத்துவிடாதீர்கள். அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவது. அடியிலிருந்து பெரிய குமிழிகள் எழுந்து தளதளவென்று கொதிக்கும்போதுதான் எண்ணைப் பாருங்கள். நுனி பாத்திரத்தின் அடியில் படக்கூடாது. இப்போது தீயைக் கூட்டுங்கள். குமிழி கூடும், எண் கூடாது. 1 கிராம் நீர் ஆவியாக சுமார் 2,260 ஜூல் தேவை என்பதால் இந்த நிறுத்தம் ரொம்ப நீளம். வற்றும்வரை காத்திருக்க வேண்டாம், பத்து நிமிடம் போதும்.

97 தான் வருகிறதா? படி 1-இல் கருவி சரியாக இருந்தால், நீங்கள் உயரமான இடத்தில் இருக்கிறீர்கள். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் குறைந்து கொதிநிலை 1 டிகிரி இறங்கும். எவரெஸ்ட் உச்சியில் சுமார் 70 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கருக்குள் கதை தலைகீழ், 120 டிகிரி வரை போகும்.

படி 4: உறைய வையுங்கள்

மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு கலந்தால் கலவை பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே இறங்கும். −21 டிகிரி வரை முடியும். வெறுங்கையால் தொடாதீர்கள். அதற்குள் ஒரு சின்ன உலோகக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் வைத்து அளந்தால், எண் இறங்கி, மறுபடி 0-வில் நிற்கும். உருகுநிலையும் உறைநிலையும் ஒரே எண்தான், போகும் திசைதான் வேறு. சிலசமயம் −2, −3 வரை உறையாமலே இறங்கி, ஐஸ் பிறந்த கணத்தில் சட்டென்று 0-வுக்குத் தாவும். கிடைத்தால் அதிர்ஷ்டம், தவறவிடாதீர்கள்.

மற்ற பொருள்களுக்கும் இதே கதைதான், எண்கள்தான் மாறும். பாதரசம் −39-இல் உறையும். எத்தனால் 78-இல் கொதிக்கும். காலியம் என்ற உலோகம் 30-க்குச் சற்றுக் கீழேயே உருகுவதால் உள்ளங்கையில் வைத்தால் போதும். டங்ஸ்டனுக்கோ 3,422 டிகிரி வேண்டும்.

ஆசை இருந்தால் மெழுகையும் அளந்து பாருங்கள். நேரடித் தீயில் வேண்டாம், வெந்நீரில் இறக்கிய கிண்ணத்தில். மெழுகு பல பொருள்களின் கலவை என்பதால் எண் ஓரிடத்தில் திடமாக நிற்காது. இளகி, குழைந்து, சில டிகிரி ஏறிய பிறகே முழுதாக உருகும். ஒரு பொருள் சுத்தமானதா கலப்பா என்று வேதியியலாளர்கள் உருகுநிலையை வைத்துச் சோதிப்பது இதனால்தான்.